ஆடிய படம்

நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் படங்களில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று மகள் கேட்டாள். அப்பா மௌஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "எந்த வருஷம்?" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லைக் கடிப்பது அவளுக்குத் தொழில். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறாள். ஒரு நாளைக்கு எழுபது பேர் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். எழுபது பேரிடமும் "உங்க சிரமம் புரியுது சார்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து குக்கர் மூடியோடு சண்டை போடுவாள். நேற்றுக் காலையிலிருந்து தெருவே அவளிடம் வந்து "உன் கஷ்டம் புரியுதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாக்கியத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது என்பது, சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சொல்கிறவளுக்குத் தெரியாதா?

"எந்த வருஷமா இருந்தா என்னப்பா. மூஞ்சி தெரியணும். அவ்வளவுதான்."

மணி ஒன்பதரை. நான்கு மணிக்கு, அஞ்சலிக்கு எடுத்திருந்த கூடத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். ஐந்தரைக்கு வண்டி. பெட்டியை மூடித்தான் வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அம்மா வீட்டின் பின்பக்கப் படியில், துவைத்த துணி வாளியோடு, முகம் குப்புற விழுந்திருந்தாள். மூன்றே படி. கடைசியாக ஒருமுறை பார்க்கிறீர்களா என்று அங்கே கேட்டபோது மகள் உள்ளே போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். இரவு முழுக்கக் கண்ணை மூடும்போதெல்லாம் அந்த முகம்தான் வந்து நின்றது. வேறொரு முகத்தைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தாக வேண்டும், ஊருக்காக இல்லாவிட்டாலும் தனக்காக. மூடிய பெட்டியின் முன்னால் ஒரு படம், அதில் அம்மா அம்மாவாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது.

படமே இல்லாமல் இல்லை. அடையாள அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று இருந்தது. அதில் அம்மா தும்மப் போகிறவள் மாதிரி இருந்தாள், தாடையின் மேல் வட்ட முத்திரை. கல்யாணப் படம் ஒன்று. முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண்ணை மகளுக்கு அறிமுகமே கிடையாது. மகளின் போனில் நாற்பது, ஐம்பது இருந்தன. எல்லாவற்றிலும் அம்மாவின் உள்ளங்கை. போனைத் தூக்கினாலே கையைக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வாள். கையில் ஏதாவது இருந்தால் அதை வைத்து மறைப்பாள்: தட்டு, தலையணை உறை, இடுப்பைப் பிடிப்பதற்காக யாரோ கொடுத்துவிட்டுப் போன பேன்ட். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் வேலை பார்த்தவள். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். பெருத்தவர்களிடம் சொல்ல மாட்டாள், துணி சுருங்கிவிட்டது என்பாள்.

ஆனால் அப்பா கேமராவைத் தூக்கினால் மட்டும் மறைக்க மாட்டாள். "அது பெரிய மெஷின். அதுக்கு முன்னாடி கைய ஆட்டினா மரியாதையா இருக்காது" என்பாள். ஆகையால் அம்மாவின் முகம் உலகத்தில் எங்காவது இருக்கிறதென்றால் அது இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் பறவைகள் இருந்தன.

அப்பா பால் பேரிங் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகர். தலைமுடியைப் பத்தாகப் பிளந்து அதில் ஒரு பிளவு அளவுக்குப் பிசகியிருந்தாலும் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவது வேலை. ஓய்வு பெற்ற மறு மாதம், உள்ளங்கையில் அடங்கும் மிரர்லெஸ் கேமரா ஒன்றும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கினார். அன்றிலிருந்து எட்டு வருடமாக, விடிவதற்கு முன் கிளம்பி ஏரிக்குப் போய், பறவைகளைத் தரப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். பறவையின் கண் கூர்மையாக விழ வேண்டும். கண் கூர்மையாக இல்லையென்றால் அது படமே இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் எடுப்பார். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்து, ஆயிரத்தில் தொள்ளாயிரத்து எண்பதை அழிப்பார். "ரிஜெக்ட்" என்று மெதுவாக ஒவ்வொரு தடவையும் சொல்வார். பக்கத்து அறையில் மெஷின் ஓட்டிக்கொண்டே அம்மா, "பாவம், அந்தக் கொக்குக்கு வேலை போச்சு" என்பாள்.

அம்மாவும் உடந்தைதான். லென்ஸின் வெள்ளை நிறம் பறவைகளை விரட்டுகிறது என்று அவர் சொன்னதும், இலை போட்ட பழைய திரைச்சீலையை வெட்டி அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். கை நடுங்குகிறது என்றதும், கிழிந்த ஜீன்ஸின் காலை அறுத்து அரிசி நிரப்பி லென்ஸுக்குத் தலையணை செய்தாள். அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்து ஏழு வருடம் இருக்கும்.

"டெஸ்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கு" என்றார் அப்பா. "அதுல அவ இருப்பா."

திறந்தார். ஒரு காது வந்தது.

அம்மாவின் காதுதான். கம்மல், அதன் திருகில் சிக்கிய ஒற்றை நரைமுடி, காது மடலின் பூனைமயிர்கூடத் தெரிந்தது. அடுத்த படத்தில் துணி கிளிப்பைப் பிடித்த இரண்டு விரல், ஊசி குத்திய தழும்போடு. அதற்கடுத்து பிடரி. அதற்கடுத்து ஒரு கண், இடதுகண் மட்டும், திரை நிறைய. இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸில், கொடிக்கும் சமையலறை வாசலுக்கும் இருக்கும் தூரத்துக்கு இவ்வளவுதான் சட்டத்துக்குள் வரும் என்று அப்பா விளக்கினார். லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இமைமுடிதான் சரியான பொருளாம்.

"கசாப்புக் கடை மாதிரி இருக்குப்பா."

அவர் இமைமுடியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

"துண்டு துண்டா போட்டு வெச்சிருக்கீங்க. முழுசா ஒண்ணு எடுக்கத் தோணவே இல்லியா?"

"எடுத்தேன்."

"எங்க?"

அப்பா மௌஸை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"கண்ணு ஷார்ப்பா இல்லம்மா. அவ நிக்க மாட்டா. நில்லுன்னா சிரிப்பா, இல்ல பேசுவா. மோடு வேற பறவையிலயே இருக்கும், மாத்த மறந்துடுவேன். அது அவள விட்டுட்டு கொடியில இருக்குற கிளிப்ப பறவைன்னு பிடிச்சுக்கும். சாயங்காலம் பாத்தா ஒண்ணுகூடத் தேறாது." நிறுத்தினார். "ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

திரையில் அம்மாவின் இடதுகண் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"குப்பைத்தொட்டியில இருக்கும்ல?"

"அன்னன்னிக்குக் காலி பண்ணிடுவேன்."

"எத்தன?"

அவர் உண்மையாகவே கணக்குப் போட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. உதடு அசைய, வாரத்துக்கு இத்தனை என்று எடுத்துக்கொண்டு, மழைக்காலத்தைக் கழித்து, ஒரு நல்ல தரப் பரிசோதகராக, "ரெண்டாயிரம் இருக்கும்" என்றார்.

எழுபது பேருடைய கோபத்தை ஒரு நாளில் ஆற்றுகிறவளுக்குத் தன் ஒருத்தியின் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கை மட்டும் போய், மேசை மேல் கிடந்த கேமராவை லென்ஸோடு தூக்கியது. ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தரை. தூரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்பா எழுந்திருக்கவில்லை. தடுக்கவும் இல்லை. "அடியில பிடிம்மா" என்றார். "கேமராவ மட்டும் பிடிச்சுத் தூக்கினா லென்ஸ் மாட்டுற இடம் ஒடைஞ்சுடும்."

அவள் அடியில் பிடித்தாள். எறிவதற்குத்தான் பிடித்தாள். விரல் திரைச்சீலை உறையில் புதைந்தது. உள்மடிப்பில், யாருக்கும் தெரியாத இடத்தில்கூட, இரட்டைத் தையல். மேசை மேலேயே, வேண்டிய அளவைவிடச் சற்றுப் பலமாக, வைத்தாள்.

இந்த நேரத்தில் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. நேற்றிலிருந்து கூடம், பெட்டி, வண்டி, நாற்காலி என்று எல்லாவற்றையும் தலையில் தூக்கிச் சுமந்ததில் குரல் கட்டியிருந்தது. கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிவிடலாம், அதில் அக்கா லட்சணமாக இருக்கிறாள், பேசாமல் கிளம்பு என்றார். மகள் முடியாது என்றாள். அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். திரும்பாமல் இருந்திருக்கலாம்.

"ஒம்போது தடவ போன் பண்ணியிருக்காங்க அத்தான்."

அப்பா தலையாட்டினார்.

"பைக்குள்ள வெச்சிருந்தேன்னா என்ன அர்த்தம்? போன் பைக்குள்ள வெக்கவா வாங்குறது?"

விஷயம் தெருவுக்கே தெரியும். ஒருமுறை, நான்கு நாள் காத்திருந்து ஒரு நாரை பக்கத்தில் வந்தபோது, வரும்போது வெங்காயம் வாங்கி வரச் சொல்லி அம்மா போன் செய்தாள். நாரை போய்விட்டது. அன்றிலிருந்து ஏரியில் போன் சத்தமில்லாமல் பைக்குள் போய்விடும். நேற்று ஏழே காலுக்கு வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா அடித்த ஒன்பது அழைப்பும் அந்தப் பைக்குள்தான் போய் விழுந்தன. அப்பா பத்தே முக்காலுக்குக் கழுத்தில் கேமராவோடு தெருமுனையில் திரும்பியபோது, வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்து, யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டாராம்.

விழுவதற்கு முன்பே இதயம் நின்றிருக்கும், யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு அந்த டாக்டர் மேலும் கோபம். யாரும் கேட்காமலே அப்பாவை விடுதலை செய்ய அவர் யார்?

"எங்கக்கா அங்க கெடக்குறா, நீங்க குருவி பிடிச்சுட்டு இருந்தீங்க" என்றார் மாமா.

"மாமா, போதும்" என்றாள் மகள்.

"நான் என்ன தப்பா…"

"தப்பில்ல. நீங்க வேற வேலையப் பாருங்க. கூடத்துல மைக் வந்துச்சான்னு பாருங்க."

அப்பாவைத் திட்டும் உரிமையை அவள் யாரோடும் பங்கு போடுவதாக இல்லை. மாமா ஏதோ முணுமுணுத்தபடி போனார். போகிறபோது கதவைச் சாத்தவில்லை, அறையவும் இல்லை. பாதியில் விட்டுவிட்டுப் போனார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பா அப்போதுதான் சொன்னார், கார்டு இன்னும் கேமராவிலேயே இருக்கிறது என்று.

"என்ன கார்டு?"

"நேத்து எடுத்தது. இன்னும் எறக்கல." அவர் கேமராவைப் பார்க்காமல் அதன் வாரைத் தடவினார். "கெளம்பும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியில உக்காந்து, கார்டு எழுதுதான்னு பாக்க ஒரு தடவ அமுக்கினேன். அவ கேட்டுல நின்னா."

"இத இவ்ளோ நேரம் ஏன் சொல்லல?"

"அதுவும் ஷார்ப்பா இருக்காது."

அவருக்கு அது பார்க்காமலே தெரிந்திருந்தது. முந்தைய நாள் மாலை ஓர் ஆந்தையை எடுத்திருக்கிறார். ஆந்தை அசையாது என்பதால் ஷட்டர் வேகத்தை நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறார். அதை மாற்றாமலே காலையில் அமுக்கிவிட்டார். ஆந்தைக்கு வைத்த கணக்கு அம்மாவுக்கு எப்படிச் சரிவரும்?

அவளே கார்டை உருவிச் செருகினாள்.

பதினேழு படம். கேமரா நொடிக்கு இருபது எடுக்கும். ஆக ஒரு நொடிக்கும் குறைவான அம்மா. காலை ஐந்து இருபத்திரண்டு, தெருவிளக்கு மஞ்சள், பாதி திறந்த கேட். ரோட்டைத் தாண்டி இருந்ததால் இந்த முறை துண்டாகவில்லை. தலை, தோள், கேட்டின் மேல் வைத்த கை, எல்லாம் வந்திருந்தன. எல்லாம் கலங்கியிருந்தன. முதல் படத்தில் வாய் மூடியிருந்தது. ஆறாவதில் கை கேட்டைவிட்டுக் கிளம்பியது. பதினொன்றாவதில் முகம் லேசாகச் சாய்ந்து, வாய் திறந்து, சிரிப்பா பேச்சா என்று தெரியாத ஒன்று தொடங்கியிருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு இருண்ட தீற்றல். ஆனால் கன்னம் மேலேறியிருந்த விதம், ஒரு பக்கமாக இறங்கிய தோள் — உலகத்தில் வேறு யாராகவும் அது இருக்க முடியாது. பதினேழாவதில் அவள் வீட்டுக்குள் திரும்பத் தொடங்கியிருந்தாள்.

"என்ன சொல்றா?"

"கேக்கல" என்றார் அப்பா. "ஹெல்மெட் போட்டிருந்தேன்."

அவள் அதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, விசையைத் தட்டிக்கொண்டே போனாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் நேரம் இருந்தது. ஏரி, மூட்டம், ஏரி, வெறும் தண்ணீர், ஐநூறு வெறும் தண்ணீர். ஆறு ஐம்பது. ஏழு மணி. ஏழு பதினொன்று. அப்பா நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

ஏழு பதினான்கில் அது வந்தது.

விரால் அடிப்பான். எட்டு வருடமாக அவர் காத்திருந்த பறவை. அது ஏரிக்கு வருவதாக யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் அது ஒரு கடன் வாங்கிய சொந்தக்காரன் மாதிரி. வருவான் வருவான் என்பார்கள், வரமாட்டான். தண்ணீருக்குள் கால் நீட்டி விழுந்து, இறக்கையை விரித்து மேலேறிக்கொண்டிருந்தது. நகங்களில் ஒரு மீன், இன்னும் உயிரோடு, வால் வளைந்து. தெறித்த நீர் ஒவ்வொரு சொட்டாகக் காற்றில் நின்றது. மஞ்சள் கண். அந்தக் கண்ணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கண்பாப்பாவின் ஓரம் பிளேடால் வெட்டியது போல இருந்தது. அதற்குள் சூரியன் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருந்தது.

அழகாக இருந்தது. அவளால் மன்னிக்க முடியாத அளவுக்கு அழகாக இருந்தது.

சுவரைப் பார்த்தபடியே அப்பா கேட்டார். கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, குரலிலேயே அது இருந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்க வைத்தது.

"கண்ணு… ஷார்ப்பா இருக்கா?"

மகள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள். "ஆடியிருக்கு."

"நெனச்சேன்" என்றார். பிறகு, "ரிஜெக்ட் பண்ணிடு."

அவள் பண்ணவில்லை. மூடினாள். பொய் சொன்னால் மனசு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. புகார் பிரிவில் சொல்கிற பொய்க்காவது நேரம் குறித்து ஒரு புகார் எண் கொடுப்பார்கள். இங்கே அந்த வசதியும் இல்லை.

பதினொன்றாவது படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அதையா, என்றார். வேறு எதை என்றாள். ஷார்ப்பா இல்லியேம்மா, என்றார், மிகவும் பணிவாக, ஏதோ அவள் தவறான பேரிங்கை எடுத்துப் போகிறாள் என்பதுபோல.

"அம்மா என்னிக்குப்பா ஷார்ப்பா இருந்தா?" வாசற்படியில் நின்று சொன்னாள். நேற்றிலிருந்து முதல்முறையாகக் குரல் உடைந்தது, அதுவும் கோபத்தில்தான். "நில்லுன்னா நின்னிருக்காளா? சாப்பிடும்போதாவது ஒரு எடத்துல உக்காந்து பாத்திருக்கீங்களா? எட்டு வருஷமா அவள ஆந்தையா ஆக்கப் பாத்திருக்கீங்க."

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். துக்கப் படம் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். படத்தைத் திறந்ததும் இன்னும் தாழ்த்திக்கொண்டு, வேறு படம் இருந்தால் கொடுங்கள் என்றார். இல்லை என்றாள். இதில் முகம் தெளிவில்லை மேடம் என்றார். தெரியும் என்றாள். கவலைப்படாதீர்கள், இப்போது அதற்கெல்லாம் மென்பொருள் வந்துவிட்டது, கண் மூக்கு எல்லாம் அதுவே கண்டுபிடித்துப் போட்டுவிடும் என்று சொல்லி, அவள் வேண்டாம் என்பதற்குள் ஒரு பொத்தானைத் தட்டினார்.

திரையில் ஒரு பெண் தோன்றினாள். பளபளவென்று இரண்டு கண், வரிசையான பல், சுருக்கமில்லாத நெற்றி. யாரோ பற்பசை விற்க வந்தவள் மாதிரி மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது யாரு?" என்றாள் மகள்.

"உங்கம்மாதான் மேடம். இப்ப பாருங்க, எப்படி…"

"எங்கம்மாவுக்கு முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். இந்தம்மா யாரு?"

ஸ்டுடியோக்காரர் பொத்தானைத் திரும்பத் தட்டினார். கலங்கல் திரும்பி வந்தது. அவள் தன்னையறியாமல் மூச்சுவிட்டாள். அப்படியே போடுங்கள், பெரிதாகப் போடுங்கள் என்றாள். அப்படியே பெரிதாக்கினால் கலங்கலும் பெரிதாகும், வருகிறவர்கள் எங்கள் கடையைத்தான் குறை சொல்வார்கள் என்றார் அவர். உங்க சிரமம் புரியுது சார் என்றாள் மகள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. மூடிய பெட்டிக்கு முன்னால், மேசை மேல், சட்டத்துக்குள் அம்மா. பக்கத்தில் மகள் நின்றுகொண்டு வந்தவர்களுக்குக் கை கொடுத்தாள். வந்தவர்கள் நேராகப் படத்திடம் போனார்கள், குனிந்தார்கள், பின்வாங்கினார்கள். பிறகு, ஒருவர் பாக்கியில்லாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். இடுப்பைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னவர்கள், ஜிப் மாற்றியவர்கள், பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்கு நீளும்படி மடித்துத் தைத்துக்கொண்டவர்கள். சட்டை நுனியில், கைக்குட்டையில், புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை குனிந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண்ணாடி கிடையாது. அவள் கண்களையே துடைத்துக்கொண்டு பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மகள் ஒவ்வொரு முகத்திலும், இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்ற கேள்வியைப் பார்த்தாள். பக்கத்தில் நின்று பார்த்தபோது அவளுக்கும் அது வெறும் மஞ்சளும் பழுப்புமாகக் கரைந்துதான் தெரிந்தது. அவசரப்பட்டுவிட்டோமோ, இதற்குக் கல்யாணப் படமே தேவலையோ என்று இருந்தது. கண்ணை மூடினால் இன்னும் மருத்துவமனை முகம்தான்.

மாமா வந்து காதோரம் சீறினார். அத்தான் எங்கே? கட்டினவன் பெட்டி பக்கத்தில் நிற்க வேண்டாமா, கடைசிச் சுவரோரம் போய் வாட்ச்மேன் மாதிரி நிற்கிறார், நான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், நீயாவது போய்ச் சொல்.

பார்த்தாள். கூடத்தின் மறுகோடியில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு வைத்து அப்பா நின்றுகொண்டிருந்தார். வந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறார் போலிருந்தது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து போனாள். நடக்க நடக்க வாக்கியம் தயாரானது. எட்டு வருஷம் தூரத்தில் நின்றது போதாதா, இன்றைக்குமா என்று கேட்க வேண்டும். மெதுவாக, எல்லோருக்கும் கேட்காமல், ஆனால் அவருக்கு ஆயுசுக்கும் மறக்காதபடி கேட்க வேண்டும்.

"அப்பா, எட்டு வருஷம்…" என்று ஆரம்பித்து, அங்கே போய் நில்லுங்கள் என்று காட்டுவதற்காகக் கையை நீட்டித் திரும்பினாள்.

அம்மா கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

கண் இருந்தது. அந்த முன்பல்கூட இருந்தது. கூடத்தின் முழு நீளத்துக்கு அப்பால், கலங்கியதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, தலையைச் சாய்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரிடம் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தாள். சொல்லி முடிக்கிற அவசரம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

நீட்டிய கையை மகள் இறக்கிக்கொண்டாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவர் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் அவர்களை நோக்கி வந்தார். தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே மேசையில் இருபது வருடம் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரித்தவர். நடந்துகொண்டே மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி துடைத்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

"கண்ணாடியில ஒண்ணும் இல்லப்பா" என்றார் அப்பா. "இங்க வந்து நில்லு."

வந்தவருக்குப் புரியவில்லை. ஆனாலும் போய் நின்றார். மகள் தண்ணீர்க் கேன் பக்கமாக ஓரடி தள்ளி, சுவரோரம் அவருக்கு இடம்விட்டாள்.